அலர்ஜி என்றால் எதிர்ப்புச் சக்தி குறைவா? முட்டு வருத்தமும் அடக்கி வைக்கும் கலங்களும்

கேள்வி: 09.10.2025, மாலை 6.15
மகனுக்கு ஏழு வயது. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். மூன்று வயதிலிருந்து முட்டு (ஆஸ்மா), வாடைக்காற்று தொடங்கினால் வாரத்துக்கு ஒரு இரவாவது நெபுலைசர். சொந்தக்காரர் எல்லாரும் "எதிர்ப்புச் சக்தி குறைவு, அதைக் கூட்டினால் தானாகப் போகும்" என்கிறார்கள், நானும் கூட்டுகிற சிரப் என்று ஒன்றை மாதம் மாதம் வாங்கிக் கொடுக்கிறேன். இந்தத் திங்கள் நோபல் செய்தியில், எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற கலங்களை, அதாவது செல்களை, கண்டுபிடித்தவர்களுக்குப் பரிசு என்று வாசித்தேன். அப்போ கூட்டுவதா, அடக்குவதா?

09.10.2025, இரவு 10.40
சிரப்பை நிறுத்துங்கள் தம்பி, அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு மீன் வாங்கிக் கொடுங்கள்.

நான் டொக்டர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்தவன், அத்தோடு சின்ன வயதிலிருந்து எனக்கே முட்டு. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடி வில்லையில் இழுத்து லீஷ்மன் சாயம் போட்டுப் பார்த்தால், செம்மஞ்சள் மணிகள் நிறைந்த வெண்குருதிக் கலம் சில தெரியும். இயோசினோபில். வெண்குருதிக் கலம் நூறு எண்ணினால் இது ஆறுக்குள் நிற்கவேண்டும். முட்டுக்காரர் வில்லையில் பத்து, பன்னிரண்டு என்று போகும், சிலருக்கு இருபதும் எண்ணியிருக்கிறேன். எதிர்ப்புச் சக்தி குறைந்தவனுடைய இரத்தம் இப்படியா இருக்கும்? உங்கள் மகனுடைய எதிர்ப்புச் சக்தி விழித்துத்தான் இருக்கிறது, எதிரியே இல்லாத மைதானத்தில் நின்று கம்பு சுற்றுகிறது. நிறுத்தச் சொல்ல அங்கே போதிய ஆள் இல்லை. நோபல் கொடுத்தது அந்த நிறுத்தச் சொல்கிற ஆட்களுக்கு.

மிச்சம் நாளைக்கு. கரண்ட் போய்ப் போய் வருகிறது.

10.10.2025, பகல் 2.05
கம்பு சுற்றுவது எப்படித் தொடங்குகிறது என்று பார்ப்போம்.

மெத்தைத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி இருக்கிறது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழ்கிற பிராணி. அதனுடைய எச்சத்தில் இருக்கும் முக்கியமான புரதம் ஒன்று சமிபாட்டு நொதியம், அதாவது புரதத்தை அறுக்கும் கத்தி. மூச்சோடு உள்ளே போனதும் சுவாசக் குழாயின் உள்தோலில் கலத்துக்கும் கலத்துக்கும் இடையே உள்ள பிணைப்பை அறுக்கிறது. காயப்பட்ட உள்தோல் அபாய மணி அடிக்கிறது: ஐஎல் 33, ஐஎல் 25, டிஎஸ்எல்பி என்று மூன்று வேதிச் செய்திகள். அதைக் கேட்டு அங்கே காவலிருக்கும் கலம் ஒன்று தூசித் துண்டைத் தூக்கிக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய், எதிர்ப்புச் சக்தியின் படையாட்களான, இன்னும் அனுபவமில்லாத டி கலங்களிடம் காட்டுகிறது. அந்தச் சூழலில் அவை டிஎச்2 என்ற வகையாக மாறிவிடுகின்றன.

அப்புறம் இந்த டிஎச்2 அனுப்பும் வேதிச் செய்திகளில் ஆளுக்கு ஒரு வேலை. ஐஎல் 4 சொல்லித்தான் பி கலங்கள் ஐஜிஈ என்ற பிறபொருளெதிரியைச் செய்கின்றன, ஐஎல் 5 இயோசினோபிலைக் கூட்டுகிறது, ஐஎல் 13 சளியைச் சுரக்க வைத்துக் குழாயைச் சுருங்க வைக்கிறது. ஐஜிஈ போய், ஹிஸ்டமின் என்ற அலர்ஜி வேதிப்பொருளை அடைத்து வைத்திருக்கும் மாஸ்ட் கலத்தின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை அதே தூசி வந்தால் சில நிமிடத்தில் ஹிஸ்டமின் கொட்டும், மூச்சு அடைக்கும். மூச்சுக் குழாயை உடனே தளர்த்தும் நீல பம்ப் அடித்ததும் விட்டுவிடும். ஆனால் நாலு மணியிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது அலை ஒன்று வரும், இயோசினோபில் பட்டாளம் வந்து இறங்குகிற நேரம் அது. பின்னேரம் இழுத்து, அடங்கி, "சரியாகிவிட்டது" என்று படுத்த பிள்ளை நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

10.10.2025, பகல் 2.30
மேலே "ஐஜிஈ" என்று எழுதிவிட்டுப் பிறகு யோசித்தேன், இது கெட்ட சாமான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குடற்புழுவை எதிர்க்க உடம்பு வைத்திருக்கும் ஆயுதமும் இதுதான், இயோசினோபிலும் அப்படியே. புழுக் கதைக்குப் பிறகு வருகிறேன், அது என் சொந்த ஊர் மாதிரி.

12.10.2025, காலை 9.20
அடக்கிக் கலங்கள். பாடப்புத்தகத்தில் சீராக்கும் டி கலம் என்று போடுவார்கள்.

1970களிலேயே அடக்கும் டி கலம் என்று ஒன்றைப் பற்றி நிறையப் பேசினார்கள். காட்டிய சான்றுகள் நிற்கவில்லை, 80களில் அந்தப் பெயரைச் சொன்னாலே ஆய்வாளர்கள் முகம் சுளித்தார்கள். இப்போது நோபல் வாங்கிய மூவரில் ஒருவரான ஜப்பானின் சிமோன் சகாகுச்சி மட்டும் விடவில்லை. அவருக்குப் பொறி தட்டியது ஒரு பழைய பரிசோதனையில்: பிறந்து மூன்றாம் நாள் எலிக்குஞ்சின் தைமஸ் சுரப்பியை (டி கலங்களின் பட்டறை) எடுத்துவிட்டால், எதிர்ப்புச் சக்தி குறைவதற்குப் பதில் அது தலைகால் தெரியாமல் ஓடி சொந்த உறுப்புகளையே தாக்குகிறது. சண்டைக்காரனைச் செய்கிற பட்டறையை மூடினால் சண்டை கூடுகிறதென்றால், அங்கே சண்டையை விலக்குகிறவனும் செய்யப்படுகிறான் என்றுதானே அர்த்தம். 1995ல் அந்தக் கலத்தை அடையாளம் காட்டினார். மேற்பரப்பில் சிடி25 என்ற புரதம் தூக்கலாக இருக்கும்.

இன்னொரு பக்கம் அமெரிக்காவில் மற்ற இருவர், மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும். 1940களில் அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் தற்செயலாகப் பிறந்த எலி இனம் ஒன்று உண்டு. அதன் ஆண் குஞ்சுகள் தோல் செதில் செதிலாகி, மண்ணீரல் வீங்கி, சில வாரத்தில் செத்துப்போகும். எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று இருவரும் தேடினார்கள். தேடும் இடத்தைச் சுருக்கியபின் எஞ்சிய இருபது மரபணுவை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், இருபதாவதில் அகப்பட்டது. கடைசி வில்லையில்தான் புழு முட்டை கிடைக்கும் என்று நாங்கள் ஆய்வுகூடத்தில் சொல்வது இதைத்தான். அந்த மரபணுவின் பெயர் பொக்ஸ்பி3. 2001ல் வெளியிட்டார்கள். மனிதரில் அது கெட்டால் ஐபெக்ஸ் என்ற அரிய நோய், பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு: விடாத வயிற்றோட்டம், நீரிழிவு, அதோடு கடுமையான கரப்பானும் (எக்சிமா) எகிறிய ஐஜிஈயும். கடைசி இரண்டும் உங்கள் கேள்விக்கு நேராக வருகின்றன. அடக்குகிறவர்கள் இல்லாத உடம்பில் அலர்ஜியும் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஓடுகிறது.

2003ல் சகாகுச்சி இரண்டையும் முடிச்சுப் போட்டார், தன்னுடைய கலத்தை ஆளுகிற மரபணு பொக்ஸ்பி3 என்று.

பரிசு அறிவித்த நேரம் ராம்ஸ்டெல் போனை மூடிவிட்டு மலைக்காட்டில் திரிந்துகொண்டிருந்தாராம். மனைவி திடீரென்று கத்தியதும் கரடி வந்துவிட்டது என்று நினைத்தாராம். போனை மூடி வைக்கிறவனுக்குத்தான் நோபல் கிடைக்கும், என் பேரனிடம் சொல்லியிருக்கிறேன்.

13.10.2025, இரவு 8.50
மூதூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அடக்குவது என்றால் எப்படி? பொலிஸ் மாதிரியா?"

முதலில் நானும் கரைவலை உதாரணம்தான் எழுத நினைத்தேன். நாற்பது பேர் இழுக்கும்போது ஒருவர் நின்று கையைக் காட்டி "விடு, விடு" என்று கத்துவாரே, அவர் மாதிரி என்று. எழுதிப் பார்த்தால் பொருந்தவில்லை. அடக்கிக் கலம் சும்மா நின்று கத்துவதில்லை, நேரே சோற்றுப்பானையில் கை வைக்கிறது. டி கலம் பெருகுவதற்கு ஐஎல் 2 வேண்டும், அதுதான் சோறு. அடக்கிக் கலத்தின் மேலிருக்கும் சிடி25 அந்தச் சோற்றை வாரி இழுக்கும் அகப்பை. இது உறிஞ்சிவிட்டால் மற்றவர்களுக்கு இல்லை. இரண்டாவது, தூசியைக் காட்ட வந்த காவல் கலத்தின் மேலுள்ள தூண்டுகோல் புரதங்களை சிடிஎல்ஏ4 என்ற கொளுவியால் பிடுங்கித் தன்னுள்ளே இழுத்துவிடுகிறது, காட்ட வந்தவன் வாயடைத்து நிற்பான். மூன்றாவதுதான் கத்துவது: ஐஎல் 10, டிஜிஎப் பீட்டா என்ற அமைதிச் செய்திகள். ஐஎல் 10க்கு இன்னொரு நல்ல குணம், பி கலத்தை ஐஜிஈயிலிருந்து ஐஜிஜி4 என்ற வேறொரு பிறபொருளெதிரியின் பக்கம் திருப்ப உதவும். ஐஜிஜி4 தூசியை வழியிலேயே பிடித்துக்கொள்ளும், மாஸ்ட் கலத்தை உசுப்பாது.

13.10.2025, இரவு 9.15
விட்டுப்போனது. நுரையீரலைப் பொறுத்தவரை முக்கியமானதே இதுதான், அதைப் போய் மறந்திருக்கிறேன்.

அடக்கிக் கலம் எல்லாம் தைமஸில் பிறப்பதில்லை. சாதாரண டி கலம் ஒன்று வெளியே, குடலிலும் நுரையீரலிலும், பாதிப்பில்லாத பொருளை அமைதியான சூழலில் சந்தித்தால் அங்கேயே அடக்கிக் கலமாக மாறலாம். ருடென்ஸ்கி என்பவருடைய குழு 2012ல், தைமஸில் பிறப்பவற்றை விட்டுவிட்டு இந்த வெளியில் உருவாகும் வகையை மட்டும் உருவாகவிடாத எலிகளைச் செய்து பார்த்தது. உடம்பு முழுக்கத் தன்னைத்தானே தாக்கும் நோய் அவற்றுக்கு வரவில்லை. வந்தது குடலிலும் நுரையீரலிலும், அதுவும் அலர்ஜி வகை அழற்சி, ஆஸ்மாவின் அடையாளங்களோடு. உங்கள் மகனுக்குள் தட்டுப்படுவது இந்த உள்ளூர் ஆட்களாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், அவனை நான் பார்த்ததில்லை.

19.10.2025, மாலை 5.00
மழை, வேலை இல்லை. புழுக் கதை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மலப் பரிசோதனை வில்லையில் வட்டப்புழு முட்டை இல்லாத நாள் குறைவு, கொக்கிப்புழு முட்டையும் வரும். அந்தப் பிள்ளைகள் வெளிறி, வயிறு ஊதி இருப்பார்கள். ஆனால் மூச்சு இழுத்துப் பார்த்த ஞாபகம் குறைவு. இப்போது புழு அபூர்வம், முட்டுக்காரப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. காரணம் அடக்கிக் கலம்தான். புழு உடம்புக்குள் வருடக் கணக்கில் குடியிருக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரனைச் சமாதானமாக வைத்திருக்க வேண்டும், அதற்காக அடக்கிக் கலங்களைப் பெருக்குகிறது. 2005ல் எலியில் தெளிவாகக் காட்டினார்கள்: புழு உள்ள எலியின் அடக்கிக் கலங்களை எடுத்துப் புழு இல்லாத எலிக்கு ஏற்றினால் அதற்கும் நுரையீரல் அலர்ஜி குறைகிறது. ஆகவே நாம் குடற்பூச்சி மருந்து கொடுத்துக் கொடுத்து அடக்குகிறவர்களையும் சேர்த்துக் கழுவிவிட்டோம்.

21.10.2025, காலை 6.40
முந்தாநாள் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். மழைக்குள் இருந்து எழுதினால் இப்படித்தான் வரும். கடைசி வரியை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அக்கா "அப்போ பிள்ளைக்குப் பூச்சி மருந்தை நிறுத்தவா?" என்று கேட்டுவிட்டார், எனக்குத் திக்கென்றது. நிறுத்தாதீர்கள் அக்கா.

ஒன்று, "இழுத்துப் பார்த்த ஞாபகம் குறைவு" என்பது ஆதாரமே இல்லை. நான் பார்த்தது வில்லையை, பிள்ளையை அல்ல. முட்டுக்காரப் பிள்ளை வேறு வாசலால் வந்து போயிருக்கும். இரண்டு, எல்லாப் புழுவும் ஒன்றல்ல. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2006ல் கணக்குப் பார்த்தபோது கொக்கிப்புழு உள்ளவர்களிடம் ஆஸ்மா குறைவு, வட்டப்புழு உள்ளவர்களிடம் கூடுதல். வட்டப்புழுக் குடம்பி (இளம்புழு) நுரையீரலுக்குள்ளாலேயே பயணம் போகிறது, போகிற வழியில் இருமலும் இயோசினோபிலும் வரும், அதை நானே கண்டிருக்கிறேன். மூன்று, இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் ஆஸ்மாக்காரருக்குக் கொக்கிப்புழுக் குடம்பி பத்தைத் தோலில் விட்டே பரிசோதித்தார்கள், 2010ல் முடிவு வந்தது. சொல்லும்படியான பலன் இல்லை. எலியில் நடப்பது எல்லாம் நமக்கு நடந்தால் எனக்கு வால் முளைத்திருக்கும்.

02.11.2025, இரவு 7.30
"கோட்டைப் பக்கம் திரியும் மான்களால் அலர்ஜி வருமா?" மான் கட்டிலில் ஏறிப் படுத்தால் வரலாம்.

06.12.2025, பகல் 11.00
ஒரு மாதம் எழுதவில்லை. இலங்கையை அடித்த டித்வாப் புயல் எல்லாருக்கும் தெரியும். மூதூர்ப் பக்கத்து வாசகர் வீட்டுக்குள் தண்ணீர், ஆட்கள் பத்திரம். எங்கள் வீட்டுக்குள் அவ்வளவு வரவில்லை, ஆனால் சுவர் குடித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாய்ப் பூஞ்சணம்.

நான் செய்த மடத்தனத்தை எழுதிவைக்கிறேன். செப்டெம்பரிலிருந்து நல்ல சுகம் என்று சுகமான நாளிலும் அடிக்கவேண்டிய பிரவுண் பம்பை நானாகவே நிறுத்தியிருந்தேன். இத்தனை நாளாக இங்கே விளக்கம் சொல்லிக்கொண்டு. ஞாயிறு இரவு இழுக்கத் தொடங்கியது. நீல பம்ப் நாலு, ஆறு, எட்டு. அதிகாலையில் ஆஸ்பத்திரி. கடமையிலிருந்த பிள்ளை, என் பேத்தி வயது, "ஐயா, பிரவுண் பம்ப் அடிக்கிறீர்களா?" என்று கேட்டாள். முப்பது வருட அனுபவம் வாய் திறக்கவில்லை.

நீலம் தசையை மட்டும்தான் தளர்த்தும். 10ஆம் திகதிக் குறிப்பில் எழுதிய டிஎச்2, இயோசினோபில், சளி எதையும் அது தொடாது. பிரவுண் ஸ்டெரொயிட், அழற்சியையே தணிப்பது. ஆஸ்மாக்காரரில் ஸ்டெரொயிட் பொக்ஸ்பி3ஐயும் ஐஎல் 10ஐயும் கூட்டுகிறது என்று 2004ல் ஓர் ஆய்வு வந்தது, அதாவது அடக்கிக் கலங்களுக்கும் அது முட்டுக் கொடுக்கிறது. இதை எழுதியபோது "முட்டுக் கொடுக்கிறது" என்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமுகிறது.

தம்பி, மகனுக்கு டொக்டர் பிரவுண் பம்ப் எழுதியிருந்தால் சுகமாக இருக்கும் நாளிலும் கொடுங்கள், ஸ்பேசர் (பம்போடு பொருத்தும் குழாய்) வைத்து, பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லி. கூட்டுவதும் குறைப்பதும் கிளினிக்கில் கேட்டு.

14.12.2025, மாலை 4.10
என் சளியை நானே பார்க்க ஆசைப்பட்டு, இப்போதும் வேலையிலிருக்கும் பழைய சினேகிதனிடம் கொடுத்தேன். போனில் படம் அனுப்பினான். இரண்டு பக்கமும் கூரான ஊசிப் பளிங்குகள், சார்கோ லெய்டன் பளிங்கு என்று பெயர். ஆஸ்மாச் சளியில் பழைய காலத்திலேயே கண்டு எழுதியது. செத்த இயோசினோபில் விட்டுப்போகும் குப்பை என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். குப்பை இல்லையாம், பளிங்கே நுரையீரலைக் குத்தி அழற்சியைக் கூட்டுகிறது என்று 2019ல் பெல்ஜியத்தில் காட்டினார்கள்.

அந்தப் பளிங்கு கலெக்டின் 10 என்ற புரதத்தால் ஆனது. அதே கலெக்டின் 10 மனிதனின் அடக்கிக் கலத்துக்குள்ளும் நிறைய இருக்கிறது, அதைக் குறைத்தால் அந்தக் கலத்தின் அடக்கும் வேலையே குறைகிறது என்று 2007ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே புரதம், உள்ளே இருந்தால் அடக்குகிறது, வெளியே பளிங்கானால் குத்துகிறது. எத்தனை ஆயிரம் தடவை இந்த ஊசிகளைப் பார்த்து "உண்டு" என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த வில்லைக்குப் போயிருக்கிறேன்.

18.12.2025, இரவு 9.00
தூசி அலர்ஜிக்கும் இறால் அலர்ஜிக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டவருக்கு: ஆம், இருக்கிறது. இறாலின் தசையிலுள்ள டிரொபொமயோசின் என்ற புரதம் சிற்றுண்ணியிலும் கரப்பான்பூச்சியிலும் கிட்டத்தட்ட அதே வடிவத்தில் உண்டு. தூசிக்கு ஐஜிஈ செய்த சிலருக்கு இறால் தின்றாலும் வாய் அரிக்கும். எல்லாருக்கும் இல்லை. எனக்கு ஒன்றும் செய்யாது, கடவுள் அந்த ஒன்றையாவது விட்டுவைத்தார்.

11.01.2026, பகல் 3.30
"மாட்டுக் கொட்டிலோடு வளர்ந்த பிள்ளைக்கு முட்டு வராது" என்று யாரோ அடித்துச் சொல்லியிருக்கிறார். நான் தம்பலகாமத்தில் மாட்டுக் கொட்டிலுக்கு ஒட்டிய அறையில் பிறந்து வளர்ந்தவன். சூடு மிதிக்கும் நாளில் என்னை வீட்டுக்குள் பூட்டிவைப்பார்கள், அப்படியும் வைக்கோல் தூசிக்கு இழுக்கும்.

ஆனால் என் ஒருவன் கதையை வைத்து அவரை மறுக்கவும் முடியாது. அமெரிக்காவில் அமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகம், பூர்வீகம் நெருக்கமானது. அமிஷ் ஆட்கள் வீட்டோடு ஒட்டிய கொட்டிலும் குதிரையுமாக வாழ்கிறார்கள், ஹட்டரைட் ஆட்கள் பெரிய இயந்திரப் பண்ணையில். 2016ல் வந்த ஆய்வின்படி பிள்ளைகளில் ஆஸ்மா அமிஷ் பக்கம் 5.2 சதவீதம், ஹட்டரைட் பக்கம் 21.3. அமிஷ் வீட்டுத் தூசியை எலிக்கு மூக்கால் கொடுத்தால் எலிக்கும் பாதுகாப்பு. நான் உடனே "அடக்கிக் கலம்!" என்று துள்ளினேன். உள்ளே வாசித்தால், அந்தப் பாதுகாப்புக்கு அவசியமாக இருந்தது பிறவி நிர்ப்பீடனத்தின், அதாவது பிறக்கும்போதே இருக்கும் எதிர்ப்புச் சக்தியின், பாதை. கையில் சுத்தியல் வைத்திருப்பவனுக்குக் காண்பதெல்லாம் ஆணி, எனக்கு மூன்று மாதமாக அடக்கிக் கலம்.

08.02.2026, காலை 8.15
கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: சிரப்பை நிறுத்தி, ஸ்பேசர் வாங்கி, தும்பு மெத்தையை மாற்றி, நுளம்புச்சுருளையும் சாம்பிராணியையும் மகனுடைய அறையிலிருந்து எடுத்திருக்கிறார். தை மாதத்தில் ஒரு இரவு மட்டும் நெபுலைசர். "அடக்கிக் கலம் கூடிவிட்டதா?" என்கிறார். தெரியாது தம்பி, எண்ணிப் பார்க்கவும் இங்கே வசதியில்லை, தூசி குறைந்ததே போதிய காரணம்.

நிரந்தரமாக அடக்கிக் கலத்தைக் கூட்ட வழி உண்டா என்று அவர் கேட்டதற்கு: கிட்டத்தட்ட உண்டு, பழைய வழி. 1911ல் இலண்டனில் லெனர்ட் நூன் என்பவர் புல் மகரந்தச் சாற்றைச் சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றி அலர்ஜியைக் குறைத்தார். ஏன் வேலை செய்கிறது என்று அப்போது விளங்கவில்லை. இப்போது பார்த்தால், அந்த ஊசியால் ஐஎல் 10 செய்யும் அடக்கிக் கலங்கள் கூடுகின்றன, ஐஜிஜி4 ஏறுகிறது. தேன் எடுக்கிறவர்களிடம், குளவிக் கொட்டு வாங்கும் பருவத்தில் இதே மாற்றம். தூசிச் சிற்றுண்ணிக்கும் இப்படி ஊசியும், நாக்கடியில் வைக்கும் மருந்தும் இருக்கின்றன. மூன்று வருடம் போல விடாமல் எடுக்கவேண்டும், முட்டு கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குத் தொடங்கக் கூடாது, ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கவேண்டும். பெட்டிக்கடையில் விற்கிற சாமான் இல்லை.

08.02.2026, காலை 8.40
குளவி என்று எழுதியது பிழை. தேனீ. குளவி விஷம் வேறு, ஆய்வு தேனீயில்தான்.

வெயில் வந்திருக்கிறது, என் மெத்தையையும் மதிலில் போட்டிருக்கிறேன். நல்ல வெயிலில் காய்ந்தால் சிற்றுண்ணி தாங்காது. மான் ஒன்று வந்து மெத்தையை முகர்ந்துகொண்டு நிற்கிறது. துரத்திவிட்டு வருகிறேன்.